கழித்தால் பூச்சியம்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் நான் பார்த்த வேலை, பிலிம் பேட்ஜ் கழுவுவது. தூரத்துப் பாலைவனமொன்றில் நிலத்துக்கடியில் சுரங்கம் தோண்டி அணுகுண்டு வெடிக்கவைத்துச் சோதிப்பார்கள். இங்கிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜ்கள் தபாலில் எங்களிடம் வரும். உள்ளிருக்கும் பிலிம் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு பொதியிலும் யாரும் அணியாத பேட்ஜ் ஒன்றும் இருக்கும். அதைக் கதிர் படாத அறையில் வைத்திருக்கவேண்டும். வழியில் தானாக ஏறிய கறுப்பை அது காட்டும். அதை மற்றவற்றிலிருந்து கழிப்போம். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

ஒருமுறை வந்த பொதியில் ஆறு பேருடைய பிலிமும் கறுப்பு. அணியாத ஏழாவதும் அதே கறுப்பு! கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "ஏழு பேட்ஜையும் கவனமாகச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனோம். ஒன்றும் தொலையவில்லை." தலையில் அடித்துக்கொண்டேன்.

மேலதிகாரியிடம் ஓடினேன்.

"விதிப்படி கழி" என்றார்.

"கழித்தால் ஆறு பேருக்கும் பூச்சியம் வரும்."

"பூச்சியம் நல்ல செய்திதானே?" சிரித்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று ஒரே பதில்.

வீட்டில் என் கணவர் தலையிலடிக்காத குறை.

"நீர் சும்மா இரும். எங்கட நிரந்தர விசாவே இன்னும் வரேல்லை. உமக்கு வேலை போனா என்ன செய்யிறது?"

"அதுகளும் ஆரோ பெத்த பிள்ளையளப்பா!"

"ஓம், விளங்குது. ஆனா உம்மால என்ன செய்ய ஏலும்?"

அடுத்த நாள் ஆறு பூச்சியம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்மேலேயே எனக்கு வந்த எரிச்சல் இன்றுவரை போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஆறு பேரில் ஒருவர் நேரிலேயே வந்தார். இரத்தத்தில் ஏதோ வருத்தம், மெலிந்து போயிருந்தார். வைத்தியர் பழைய பதிவைக் கேட்டாராம். நானும் அதே மேசைக்குப் பின்னால் அதே கதிரையில்தான் உட்கார்ந்திருந்தேன். பதிவுக் கோப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"பூச்சியமா?" என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். "அந்த ஏழு பேட்ஜையும் நான்தானே கொண்டுபோனேன், ஒன்றையும் தொலைக்காமல். இது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது. அந்தப் பூச்சியம் பிழை."

மேசை லாச்சியில் வைத்திருந்த மூன்று கடிதங்களின் பிரதிகளையும் அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வாசித்தார்.

"எல்லாம் தெரிந்திருந்ததே. பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?"

விசா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.