எங்க கீது, பட்டாணி?

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை ஓய்ந்து புல் இடுப்பளவு வளர்ந்து நின்ற சமயத்தில் ஆரம்பித்தது இது. ஆவடிப் பக்கம் மதில் சூழ்ந்த ஒரு பெரிய வளாகம். முன்பக்கம் அலுவலகங்களும் குடியிருப்பும். அதைத் தாண்டிப் போனால் காடு மாதிரி ஒரு வெளி, அதில் புள்ளிமான்கள். அங்கே நான் ஒப்பந்தத்தில் தோட்ட வேலை செய்கிறேன். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கவலைப்படுவதை மட்டும் இன்னும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கும். கவலை வந்தால் எனக்குத் தலை வலிக்கும், தலை வலித்தால் தைலம் வேண்டும். இடுப்பில் எப்போதும் ஒரு தைல பாட்டில் சொருகியிருப்பேன். ரயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஜலதோஷமே வராது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஆண் மான்கள் வருடத்துக்கு ஒரு தடவை கொம்பை உதிர்த்துவிடும். மாட்டுக்கொம்பு மாதிரி இல்லை அது. காய்ந்த கிளை போலத் தானாக விழுந்துவிடும், பிறகு புதிதாக முளைக்கும். விழுந்த கொம்பு புல்லுக்குள் முனையை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். புல் வெட்ட வரும் டிராக்டரின் டயரை எத்தனையோ முறை அது கிழித்திருக்கிறது. அந்த வருடம் என்னோடு புல் அள்ளும் அக்காவின் காலையே கிழித்துவிட்டது. செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. புண் சீழ் பிடித்து, பொங்கலுக்குக்கூட அவரால் நொண்டாமல் நடக்க முடியவில்லை.

அதன் பிறகு, டிராக்டர் இறங்குவதற்கு முன்னால் பெண்கள் நாங்கள் வரிசையாகக் கம்பால் புல்லை விலக்கிக் கொம்பு தேட வேண்டும் என்று ஏற்பாடானது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் எனக்கு அக்காவின் கால்தான் ஞாபகத்துக்கு வரும். வீட்டில் அடுப்படியில் நடக்கும்போதுகூடத் தரையைப் பார்த்துப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் டிராக்டர் ஓட்டும் அண்ணன் மொபைலில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் யாரோ ஒருவர் நாயை அனுப்பிக் கொம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாமே பாக்கிற? அங்க நாய் பண்ற வேலைய இங்க நீங்க பண்ணிகினு கீறீங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது. அதே யோசனையாக நான்கைந்து நாள் சுற்றிவிட்டு, வளாகத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் போய்க் கேட்டேவிட்டேன். தென்மாவட்டத்துக்காரர், அளந்து பேசுகிறவர்.

"நாய் மானைத் துரத்தும்மா. அதுக்குத்தானே இங்க நாயே விடுறதில்ல" என்றார். நான் அக்காவின் காலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: பழக்குங்கள், நான் ஒருநாள் காலையில் வந்து பார்க்கிறேன், மானை ஒரே ஒரு தடவை துரத்தினாலும் நாயும் இல்லை, இந்தப் பேச்சும் இல்லை.

மான் கொம்பை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அதனால் வனத்துறையிடம் கேட்டு ஒரு பழைய துண்டை வரவழைத்து, கருவிகள் வைக்கும் ஷெட்டில் பூட்டி வைத்தார்கள். வேலை நேரத்தில் மட்டும்தான் எடுக்கலாம். யாராவது என்னைத் திருடி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், கேட்காமலேயே தினமும் வாட்ச்மேனிடம் என் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இப்போது நாய் வேண்டும். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மூன்று நாய்கள் இருந்தன. எல்லோரும் கைகாட்டியது செவலை நாயை. நல்ல உயரம், நல்ல குரல். கயிற்றில் கட்டி, வெளியைச் சுற்றியிருக்கும் வேலி ஓரம் கூட்டிப்போனேன். தூரத்தில் மானைப் பார்த்ததும் அது குதித்த குதியில் என் கையே கழன்றுவிடும் போலிருந்தது. அது சரிப்படாது. இரண்டாவது ஒரு குட்டி. வேலி வரைக்கும் போவானேன், கொம்பை மோந்து பார்க்கச் சொன்னால் கடித்துத் தின்னப் பார்த்தது.

மூன்றாவது, காது கிழிந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பெண் நாய். ஷட்டரை ஏற்றும் சத்தத்துக்கே பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடும். ஆனால் சுண்டல் பொட்டலத்திலிருந்து சிதறும் பட்டாணி எந்த மூலையில், எந்த சாக்குக்கு அடியில் உருண்டாலும் தேடி எடுத்துவிடும். அதனால் அவளுக்குப் பட்டாணி என்றே பெயர். வேலி ஓரம் மானைப் பார்த்ததும் பட்டாணி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"இதையா இஸ்துகினு போற? இது பயந்தாங்கொள்ளிமே" என்றார் டீக்கடைக்காரர்.

"அதான் நைனா வோணும்" என்றேன்.

கொம்பின் முனை மூக்கில் ஒருமுறை குத்திவிட்டால் பட்டாணி அப்புறம் கிட்டவே வரமாட்டாள் என்று பயந்து, முனைகளில் துணி சுற்றினேன். மோந்து பார்த்தால் டீக்கடையில் வாங்கிய பொறை பிஸ்கட் ஒரு துண்டு. இரண்டடி தள்ளி வைத்து, "எங்க கீது?" என்று கேட்டு, கண்டுபிடித்தால் பொறை. பிறகு புல்லுக்குள், பிறகு புதருக்குப் பின்னால். கடிக்கக்கூடாது, தூக்கக்கூடாது, பக்கத்தில் போய் உட்கார வேண்டும். கொஞ்ச நாளிலேயே நான் எங்கே ஒளித்து வைத்தாலும் பட்டாணி போய் உட்கார்ந்தாள். ரயில் பெட்டி முழுக்க இந்தப் பெருமையைச் சொல்லித் தீர்த்தேன்.

அந்தப் பெருமை ஒரே காலையில் கவிழ்ந்தது. ஒத்திகை பார்ப்போம் என்று டிராக்டர் அண்ணன் கொம்பை ஒளித்து வைத்தார். "எங்க கீது?" என்றேன். பட்டாணி கொம்பு இருந்த இடத்தைத் தாண்டி நேராக ஓடினாள். மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு, பொறைக்காக என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணுக்கால் வலிக்கிறது என்று அக்கா சற்று முன்னால்தான் என் தைலத்தை வாங்கித் தடவியிருந்தார்.

அண்ணன் டிராக்டரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஒன் நாயி மான் கொம்ப தேடலமே. ஒன் தலவலிய தேடுது!"

உண்மைதான். இத்தனை நாளும் தைலம் தடவிய கையால்தான் கொம்பை எடுத்து எடுத்து ஒளித்திருக்கிறேன். பட்டாணி சரியாகத்தான் படித்திருந்தாள், நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்றைக்குத் தைல பாட்டிலை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். வனத்துறைக்காரரிடம் சொல்லி, என் கை படாத வேறொரு துண்டு வாங்கினோம். வீட்டிலிருந்து புது இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து, சூடான பாத்திரத்தை இறக்குவது போல அதாலேயே கொம்பை எடுத்தேன், வைத்தேன். திரும்பவும் இரண்டடி தூரத்திலிருந்து ஆரம்பம். பட்டாணி குழம்பினாள். சில நாள் வெறும் புல்லில் உட்கார்ந்துவிட்டுப் பொறை கேட்டாள். எனக்கோ தலை வெடித்தது, தடவ ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு காலையில், அண்ணன் ஒளித்து வைத்த கொம்பிடம், காற்று வாக்கில் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போய் அவள் உட்கார்ந்தபோது, வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

அதிகாரி பார்க்கும் நாள் வந்தது. அவரோடு மேலிடத்திலிருந்து இரண்டு பெரியவர்களும் வனக்காவலரும் வந்திருந்தார்கள். கொம்புத் துண்டை எங்கே வைத்தார் என்று அதிகாரிக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு பெரிய மனிதர்கள் முன்னால் நம் பேச்சு பேசினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்து, ரயிலிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பட்டாணி, எங்கே இருக்கிறது?" என்றேன்.

பட்டாணி அசையவில்லை. யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் திருத்தமாகச் சொன்னேன். வேறு யாராவது பேசுகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெரியவர்களில் ஒருவர் சிரித்தார்.

டிராக்டர் மேலிருந்து அண்ணன் கத்தினார். "ஊட்ல பேசுற மாரி கேளுமே!"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "எங்க கீது பட்டாணி?"

போனாள் பாருங்கள், அம்பு மாதிரி!

பாதி தூரம் போயிருப்பாள். புல்லுக்குள் படுத்திருந்த மான் கூட்டம் சடாரென்று எழுந்தது. முன்னால் ஒரு ஆண் மான். அதற்கு ஒரு பக்கம் மட்டும்தான் கொம்பு இருந்தது. பட்டாணிக்கும் அதற்கும் நடுவில் நாலு முழம்கூட இருக்காது. அவள் கழுத்தில் கயிறு இல்லை. கூப்பிடக்கூட நேரமில்லை. மான்கள் துள்ளி ஓடின. பட்டாணியும் ஓடினாள், ஆனால் என்னைப் பார்த்து. வந்து காலுக்குப் பின்னால் பதுங்கி நடுங்கினாள்.

"பயந்துட்டாளோ?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். பயப்படுற நாயா பாத்துத்தான் எடுத்தேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம், குரல் நடுங்கவில்லை.

அவள் முதுகைத் தடவிவிட்டு மறுபடி கேட்டேன். போனாள். மோந்துகொண்டே வளைந்து வளைந்து போய், மான் எழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நான் அங்க வைக்கலையேம்மா" என்றார் அதிகாரி.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே பாட்டில் இல்லை. மறுபடியும் வெறும் புல்லா? வா என்று கூப்பிட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பட்டாணி எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கீழே இறங்கிப் போய்க் கம்பால் புல்லை விலக்கினார்.

"யம்மாடி! புத்தம்புதுசுமே!"

மூன்று முனையும் வானத்தைப் பார்த்து நிற்க, அடியில் ரத்தச் சிவப்பு காயாத ஒரு முழுக் கொம்பு. ஒற்றைக் கொம்போடு ஓடியதே அந்த மான், அதன் இன்னொரு கொம்பு. அந்தப் பகுதியில்தான் அன்றைக்குப் புல் வெட்டுவதாக இருந்தது. அதற்குப் பிறகு அதிகாரி ஒளித்து வைத்த துண்டையும் பட்டாணி எடுத்துக் கொடுத்தாள். அதை யாரும் பெரிதாகப் பார்க்கக்கூட இல்லை.

அக்கா நொண்டிக்கொண்டே வந்து பட்டாணியின் கிழிந்த காதைத் தடவினார். "என் காலுக்கு முன்னாடியே நீ வந்திருக்கக் கூடாதாடி?" என்றார்.

இப்போது புல் வெட்டும் நாட்களில் பட்டாணி முன்னால் போகிறாள், டிராக்டர் பின்னால் காத்து நிற்கிறது. அன்றிலிருந்து யார் காலிலும் கொம்பு ஏறவில்லை. போன மாதம் வேறு ஊரிலிருந்து சிலர் அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், அளந்து பேசும் எங்கள் அதிகாரியே தெற்கத்தி ராகத்தில் "எங்க கீது பட்டாணி?" என்று கேட்டார். அவள் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கவலை என்னை விட்டுப் போய்விடவில்லை, ஆனால் தைலம் போய்விட்டது. நெஞ்சு படபடக்கும்போது நான் என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன், "எங்க கீது?" என்று. தேடிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே வெறும் புல்தான் இருக்கிறது. நிஜமாகவே கொம்பு இருந்தாலும், ஓடாமல் பட்டாணி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் போதும், எடுக்க ஆள் வருவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.