கூத்துப் புத்தகம் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது

காலை 5.40. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை வண்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டணம் நூற்று எழுபது ரூபாய். பௌர்ணமியாக இருந்திருந்தால் நின்றுகொண்டேதான் போயிருக்க வேண்டும். அது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பாதி வண்டி காலி. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் "கிரிவலமா?" என்று கேட்டார். "இல்லைங்க, லைப்ரரிக்கு" என்றேன். அதற்காக இவ்வளவு தூரமா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் ஆசை வந்து, தெருக்கூத்தின் ஆட்டமுறை பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். கூத்தாடுகிறவர்கள் மனம் போன போக்கில் ஆடுவதில்லை, அடி அடியாகக் குறித்து வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு. அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு புத்தகம். எட்டு வருடம் முன்பு, ஒரு மார்கழியில், திருவண்ணாமலையில் ஒரு சின்ன நூலகத்தில் அதைப் பார்த்தேன். அச்சடித்த பாட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஆட்டக் குறிப்புகள். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. ராணி வேடத்தின் வருகைப் பாட்டுக்கான குறிப்பை மட்டும் நோட்டில் அவசரமாக எழுதிக்கொண்டு ஓடி வந்தேன். பக்க எண்ணைக் குறிக்கவில்லை. நூலின் வரிசை எண்ணையும் குறிக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிற லட்சணம் இது.

என் நெறியாளர் நல்ல மனிதர், ஆனால் விடாக்கண்டர். "இப்படி ஒரு புத்தகம் இருக்கா, இல்ல நீயே கற்பனை பண்ணிக்கிட்டியாம்மா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மாதக் கடைசிக்குள் பக்க எண்ணோடு படம் வராவிட்டால் அந்த இயலையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். இயல் போனால் ஆறு வருட உழைப்பு போகும். அதைவிட மோசம், மூன்று வாரமாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே பார்த்தேனா, பார்க்க ஆசைப்பட்டதை எழுதிவைத்தேனா?

திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் என்று ஊர்கள் போயின. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) மூட்டைகளோடு இருவர் ஏறினார்கள். அங்கே இறங்கியிருந்தால் எனக்குப் பதினெட்டு கிலோமீட்டர் மிச்சம். அப்போது தெரியாது.

காலை 9.50. திருவண்ணாமலை. ஆட்டோக்காரரிடம் தேரடி வீதிப் பக்கம் நூலகம் என்றேன்.

"எந்த ஆசிரமம் மேடம்?"

"ஆசிரமம் இல்லைங்க. லைப்ரரி."

"ஆசிரமத்துல இருக்கற லைப்ரரியா?"

மூன்றாவது முறை சொன்ன பிறகு நம்பினார். எண்பது ரூபாய் கேட்டு எழுபதுக்கு ஒத்துக்கொண்டார். பாத்திரக் கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவே படியேறினால் மாடியில் நூலகம். எட்டு வருடத்தில் அது மூடப்பட்டிருக்கும் என்று பாதி பயந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. மின்விசிறி கூட ஓடியது.

நூலகர் பெயர் விஜயா. வேங்கிக்காலில் வீடு, ஸ்கூட்டரில் வந்துபோகிறார். என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கலாம். நான் புத்தகத்தை வர்ணித்து முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"அது இங்க இருக்காதுங்க மேடம்."

"தொலைஞ்சு போச்சா?"

"சேச்சே. கூத்து சீசனாச்சே. ஏழுமலைகிட்ட இருக்கும். பங்குனில எடுத்தார்னா ஆடி முடிஞ்சாதான் ரேக்குக்கு வரும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா எடுத்தாந்து மேசைல வெப்பாரு, சீல் போட்டுத் தருவேன், எடுத்துக்கினு போயிடுவாரு."

ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் உரக்கடையில் வேலை பார்ப்பவர், கூத்தில் பெண் வேடக்காரர். இந்தப் பக்கம் கூத்துக் குழுவை ஜமா என்பார்கள். அவருடைய ஜமா பல வருடமாகக் கைமாற்றிக் கைமாற்றி இந்தப் புத்தகத்தை எடுத்துப் போகிறதாம். அதாவது புத்தகம் இருக்கிறது! நாற்காலியில் உட்கார்ந்தேன். விஜயா தண்ணீர் கொடுத்துவிட்டு, எதிரிலேயே போன் போட்டார்.

"ஏழுமலை, அந்தக் கூத்து புக்கை எடுத்து வைங்க. சென்னைல இருந்து மேடம் ஒருத்தங்க வந்துருக்காங்க, அத பாக்கணுமாம். மதியம் இட்டாறேன்."

இந்த மூன்று வாக்கியம் செய்யவிருந்த வேலை எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

காலை 10.30 முதல் 1 மணி வரை. நூலகத்தை ஒரு மணிக்குத்தான் சாத்துவார்கள். அதுவரை நாடகமும் நடனமும் இருக்கும் இரண்டு பீரோக்களையும் துழாவினேன். போக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பீரோவில் பெரிய எழுத்தில் அச்சான கூத்துப் புத்தகங்கள், நாடகப் பாட்டுகள், மேடை அமைப்பு பற்றி இரண்டு மூன்று நூல்கள். இரண்டாவதில் நடனம்: பாடப் புத்தகங்கள், கை முத்திரைப் படங்கள், பதம் வர்ணம் சொல்லும் நூல்கள். இவை பெரும்பாலும் எந்த ஊரிலும் கிடைக்கும். எங்கும் கிடைக்காதது கீழ்த்தட்டில் இருக்கிறது. திருவிழாக்களில் ஒட்டிய கூத்து நோட்டீஸ்கள் கட்டுக் கட்டாக, எந்த ஊரில் எந்த ஜமா, யாருக்கு என்ன வேடம் என்ற விவரத்தோடு. ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்களும் உண்டு, போட்டுக் கேட்கத்தான் கருவி இல்லை. உறுப்பினர் கட்டணம் வருடம் ஐம்பது ரூபாய். கைப்பேசியில் படம் எடுக்கத் தடையில்லை. அடுத்த தெருவில் ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நூலகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று விஜயா கேட்டுக்கொண்டார், கூட்டம் வந்தால் சமாளிக்க ஆள் இல்லையாம். தேரடி வீதியில் விசாரித்தால் சொல்வார்கள், ஆசிரமம் என்று அனுப்பிவிடாமல் இருந்தால்.

மதியம் 1.15. எதிர் மெஸ்ஸில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். பிறகு விஜயாவின் ஸ்கூட்டரில் செஞ்சி சாலையில் கிளம்பினோம். வைகாசி வெயில் முகத்தில் அறைந்தது. பின்னால் உட்கார்ந்து முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டேன். காலையில் பேருந்தில் வந்த அதே சாலை. இந்த முறை ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் எண்ணிக்கொண்டு போனேன்.

மதியம் 2.10. ஏழுமலையின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால். கதவு திறந்திருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தரையில் அவர் மனைவி தேவகி, மடியில் ஒரு நீள நோட்டு, கையில் பேனா. நடுவில் என் புத்தகம், விரித்து வைத்தபடி. புத்தகத்தின் மேலும் பாயின் மேலும் கறுப்பாகச் சுருள் சுருளாக ஏதோ கிடந்தது.

ரப்பர் தூள்.

"வாங்க மேடம், வாங்க" என்றார் ஏழுமலை. முகமெல்லாம் வேர்வை. "நீங்க செக்கிங்குக்கு வர்றது தெரியும். லைப்ரரி புக்குல கிறுக்கக் கூடாதுதான், எங்க ஜமாக்காரங்க பண்ண தப்பு. போன் வந்ததுல இருந்து அழிச்சிக்கினே இருக்கேன். முப்பது பக்கம் சுத்தமாயிடுச்சி. இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க, புதுசாட்டம் ஆக்கிடறேன்."

புத்தகத்தைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வரை பக்கங்கள் வெளுத்துக் கிடந்தன. முப்பத்தொன்றில் குறிப்பு இருந்தது. நாற்பதில் இருந்தது. நான் தேடிய ராணி வேடத்தின் வருகைப் பாட்டு எந்தப் பக்கம் என்பதுதான் எனக்குத் தெரியாதே! ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. அவசரத்தில் இரண்டு பக்கம் ஒன்றாகப் புரண்டுவிட்டது. திருப்பினேன். அறுபத்தொன்று. "திரையைப் புடி. ரெண்டு சுத்து. இடது கால் முன்ன. நில்லு." எட்டு வருடம் முன்பு பார்த்த அதே கோணல் எழுத்து. பாயில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இன்னாங்க இது, அழுவுறாங்க?" என்று தேவகி விஜயாவிடம் கேட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "நாந்தான் சொன்னனே, அழிக்காத அழிக்காதன்னு."

விஜயா விஷயத்தைச் சொன்னார். செக்கிங் இல்லை, அபராதம் இல்லை, இந்த மேடத்துக்கு வேண்டியதே அந்தக் கிறுக்கல்தான் என்று. ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப முப்பது பக்கம் போச்சே மேடம்!"

"எங்க போச்சு?" என்றார் தேவகி. மடியிலிருந்த நோட்டை என் பக்கம் திருப்பினார். "வியாழக்கிழமை கூத்து இருக்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டு மேடையில இன்னா பண்ணுவன்னு கேட்டேன். ஒவ்வொரு பக்கமும் நான் எழுதிக்கின அப்புறம்தான் அழிக்க விட்டேன். அதான் லேட்டு."

பக்க எண், பாட்டின் முதல் வரி, ஓரக் குறிப்பு என்று வரிசையாக எழுதியிருந்தார். நான் எட்டு வருடம் முன்பு செய்யத் தவறியதை அந்தப் பெண் மூன்றரை மணி நேரத்தில் செய்து வைத்திருந்தார். வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன்.

பிற்பகல் 3 மணி. தேவகி டீ போட்டார். புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படம் எடுத்தேன், நோட்டையும் எடுத்தேன். ஏழுமலைக்கு அதற்குள் பயம் தெளிந்திருந்தது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அறுபத்தொன்றாம் பக்கத்தை ஆடியே காட்டினார். நானும் எழுந்து ஆடிப் பார்த்தேன்.

"மேடம், வலது கால வெக்கிறீங்க. அது ராஜா வேசத்துக்கு. ராணிக்கு இடதுதான்."

திடுக்கென்றது. ஆய்வேட்டில் வலது கால் என்றுதான் எழுதியிருந்தேன். அன்றைய அவசரத்தில் தப்பாகக் குறித்ததை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் விளக்கம் வேறு.

கிளம்பும் முன் விஜயா தன் கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து ஏழுமலையிடம் நீட்டினார். "அழிச்ச முப்பது பக்கத்தையும் நோட்டைப் பாத்துத் திரும்ப எழுதிடுங்க."

"லைப்ரரி புக்குலயா?"

"நான்தான சொல்றேன். எழுதுங்க. அடுத்த வாட்டி சீல் போட வரும்போது பாப்பேன்."

மாலை 4.35. திருவண்ணாமலைக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. சென்னை வண்டி கீழ்பென்னாத்தூரிலேயே நின்றது. ஏழுமலை ஒரு பை வறுத்த மணிலாக்கொட்டையைச் சன்னல் வழியாகக் கொடுத்தார். மலை பின்னால் போனது. காலையில் இருந்த கனம் நெஞ்சில் இல்லை.

எங்கள் பள்ளி நூலகத்தில் நாடகத்துக்கும் நடனத்துக்கும் தனி அலமாரி இருக்கிறது. கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி தலைமையாசிரியை மேசையில். நூல்கள் எல்லாம் புத்தம் புதுசு, ஒரு கீறல் கிடையாது. வெளியிலிருந்து யாராவது வந்தால் பெருமையாகக் காட்டுவேன். இனிமேல் எந்த முகத்தோடு காட்டுவது? பிள்ளைகள் ஆடிவிட்டு வந்து கிறுக்க ஒரு புத்தகமாவது அங்கே வேண்டும். சாவியை வாங்குவதுதான் முதல் வேலை.

நெறியாளருக்குப் போன் செய்தேன்.

"பக்கம் எத்தனை?" என்றார், வேறு எதுவும் கேட்காமல்.

"அறுபத்தொண்ணு சார். படம் அனுப்பியிருக்கேன். ஆனா ஒரு தப்பு இருக்கு. நான் வலது கால்னு எழுதியிருந்தேன். புக்குல இடது கால்னு இருக்கு."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நிஜமாவே பார்த்துட்டுத்தான் எழுதியிருக்க. மத்ததெல்லாம் ஒத்துப்போகுது, கால் மட்டும் மாறியிருக்கு; அவசரமா பார்த்து எழுதறவங்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்மா."

செஞ்சி வருவதற்குள் தூங்கிப்போனேன்.