வெள்ளைப் பூ வந்த பொட்டலம்

ஆபரேஷன் செய்தால் அப்பாவின் இதயம் தேறலாம், மேசையிலேயே உயிர் போகவும் செய்யலாம் என்றார் நாகர்கோவில் டாக்டர். செய்யாவிட்டால் இருக்கிறவரை இருப்பார். அப்பாவோ, "நீங்க பாத்து என்னவாம் செய்யுங்க" என்று பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார். நாங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு பயம்.

பூ கட்டிப் பார்க்கலாம் என்றான் மூத்தவனான அண்ணன். குலசேகரத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள்கூட அப்படித்தான் முடிவாகியிருக்கின்றன. ஒரு வெற்றிலைப் பொட்டலத்தில் வெள்ளைக்குப் பிச்சி, இன்னொன்றில் சிவப்புக்குத் தெற்றி. விளக்கு முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு என்றால் வேண்டாம்.

"நடக்கப்போறது முன்னமே முடிவான காரியம்னா பூ என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"சாமிக்க மனசு நமக்குத் தெரியாண்டாமா? நாளைக்கு நம்ம தலையில பழி வரக்கூடாதுல்லா" என்றான் அண்ணன்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பழியை இறக்கிவைக்கச் சாமிதானா கிடைத்தார்! ஆனாலும் தடுக்கவில்லை. என்னிடமும் வேறு முடிவு இல்லை.

அக்கா பொட்டலம் கட்டினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். வெள்ளை. அவன் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததேயில்லை. மற்றதைப் பிரிக்கவிடாமல், தென்னை மரத்து மூட்டில் போடுவதாகச் சொல்லி அக்கா எடுத்துப் போய்விட்டாள்.

அப்பா ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் அக்கா அழுகையை நிறுத்தவில்லை. "ஏட்டி, அழாத. அது விதி. சாமி சொல்லித்தானே செஞ்சோம்?" என்று தேற்றினான் அண்ணன்.

"சாமி ஒண்ணும் சொல்லல. ரெண்டுலயும் பிச்சியத்தான் வச்சேன். செவப்பு வந்தா நீங்க அப்பாவ அப்படியே விட்டிருவியளோன்னு பயந்துட்டேன். நான்தான் கொன்னேன்."

அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எதை எடுத்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். உனக்கென்ன பழி?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுல்லா? வெள்ளை வரணும்னு நெனச்சுதாம்டே கைய நீட்டினேன். எடுத்தது நானாக்கும்."

சொல்லிவிட்டு அக்காவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் உட்கார்ந்தேன்.