இருபது நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரங்களும் இருபது நிமிடம் முந்தி ஓடும். மாமனார் போட்ட சட்டம் அது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு வருகிற டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அதனால் கூடத்துக் கடிகாரம், அடுப்படிக் கடிகாரம், அவருடைய கைக்கடிகாரம் எல்லாமே முந்தித்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த மாதமே என் கைக்கடிகாரத்தையும் அப்படித் திருப்பிக்கொண்டேன். பிற்பாடு வாங்கிய லேப்டாப்பிலும், நேரத்தை அதுவாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கூட்டி வைத்தேன். மூத்த மருமகள் அல்லவா, ஒரு குறை சொல்ல விடுவேனா?

இளையவள் நேரத்தைக் கூட்டவில்லை. கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு வந்த என் ஓரகத்தி. மாமனார் சொன்னபோது, "மாத்துனா ஆபீஸ் மீட்டிங்கெல்லாம் கொழம்பிரும் மாமா" என்றாள். "சரித்தா, ஒன் இஷ்டம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். மூத்தவள் உடைத்தால் பொன்குடம், இளையவள் உடைத்தால் மண்குடம்.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? இரண்டு பேரும் கம்ப்யூட்டர்தான் படித்தோம். நான் தினமும் பஸ்ஸில் நசுங்கிப் புதுக்கோட்டைக்குப் போய், ஒரு சென்டரில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு வேர்டில் டேபிள் போடச் சொல்லித் தருகிறேன். அவள் மாடி அறையில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். கெட்டவளாக இருந்தாலாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ "அக்கா, அக்கா" என்று உயிரை விடுவாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆறாவது படிக்கும் என் மகள் எதற்கெடுத்தாலும் மாடிப்படி ஏறுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

காலாண்டு லீவில், எனக்கும் சென்டரில் நாலு நாள் லீவு விட்டிருந்தபோது, அவளுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. ஆடு வளர்த்து, கிணறு வெட்டி, ஊர் உண்டாக்குகிற விளையாட்டு. யார் வேண்டுமானாலும் அதன் மூல நிரலை, அதாவது அதை எழுதிய புரோகிராமை, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். என் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான் இருந்தது. அதில் நேரடியாக நிறுவக் கிடைத்தது பழைய பதிப்பு.

"புது வெர்ஷன்ல மழை பெய்யுதும்மா. சித்திக்கிட்டக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தந்துருவாங்க."

அந்த ஐந்து நிமிடம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஏன், ஒங்கம்மா மாடு மேய்ச்சுட்டா வந்தா? நான் போடுறேன்" என்றேன்.

புதுப் பதிப்பு வேண்டுமென்றால் மூல நிரலை இறக்கி நாமே தொகுத்து விளையாட்டாக்க வேண்டும். இறக்கினேன். முதல் கட்டளையிலேயே, அதற்குத் துணையாக வேண்டிய ஒரு நிரல் நூலகம் (லைப்ரரி) இல்லை என்று நின்றது. அதை நிறுவினால் படத்துக்கானது இல்லை என்றது. அதையும் நிறுவினால் ஒலிக்கானது இல்லையாம். பத்திரிகை வைக்காத பங்காளிகள் ஒவ்வொருவராகக் கல்யாணத்தன்று வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஒருவழியாக எல்லோரையும் சமாதானப்படுத்தித் தொகுக்க விட்டால், முக்கால்வாசி போனதும் செத்துப் போனது. லேப்டாப்பில் நினைவகம் போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுக்கச் சொல்லிப் பார்த்தேன். அதே இடத்தில் மறுபடியும் செத்தது. இரண்டு பகல் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் மகள் கேட்டாள். அவளும் எவ்வளவு பதமாகத்தான் கேட்டாள். "அம்மா, சித்தி லேப்டாப்பு பெருசுல்ல? நீ அதுல செஞ்சு பாக்குறியா?"

வேறு வழியில்லை. கிளறி வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, மூல நிரலைப் புதிதாக இறக்கி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, மகள் பின்னாலேயே வர, கையோடு மாடிக்குப் போனேன். இளையவள் எழுந்து நாற்காலியை எனக்குத் தந்தாள். அதிலும் லினக்ஸ்தான், வேண்டிய நூலகங்களும் ஏற்கெனவே இருந்தன. கோப்புகளை நகலெடுத்து, தயார்செய்கிற கட்டளையைக் கொடுத்தேன். உடனே நின்றது. இப்போது உருவான கோப்பு, நீ கொண்டுவந்த கோப்புகளைவிடப் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைச் சரிபார் என்று ஒரு செய்தி.

அவள் குனிந்து பார்த்தாள். போனைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே நேரம்தான். "டைம் கரெக்டாத்தானே இருக்கு?" என்று நெற்றியைச் சுருக்கினாள். அப்பாடா, இவளுக்கும் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறதே! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாத்திரை எடுத்துத் தரச் சொல்லி மாமனார் கீழேயிருந்து கூப்பிட்டார். இறங்கிப் போனேன். கூடத்துக் கடிகாரம் நாலு மணி எட்டு நிமிடம் காட்டியது. மாடியில் இன்னும் நாலே ஆகவில்லையே என்று நினைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோப்புகளை இறக்கியது என் லேப்டாப்பில். அதன் கணக்குப்படி அவை நாலு மணிக்குப் பிறந்தவை. அவளுடைய லேப்டாப்பில் இப்போது மூன்றே முக்கால் தாண்டி மூன்று நிமிடம். இன்னும் பிறக்காத கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது என்ன செய்யும்?

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. நாலு மணி தாண்டும்வரை சும்மா இருந்தால் தானாகச் சரியாகிவிடும்.

சொல்லியிருக்கலாம். படி ஏறும்போது சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவளே எழுந்துவிட்டாள்.

"எனக்குப் புரியலக்கா. நீங்க பாருங்க. நான் டீ போட்டுட்டு வாரேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வித்தை காட்டினேன். திரையிலிருக்கும் எழுத்தையெல்லாம் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று லேப்டாப்பையே ஒரு கட்டளையால் கேட்டேன். மறுபடியும் துடைத்தேன். இடையிடையே "ம்ம், இங்கிட்டுத்தான் சிக்கல்" என்று முனகினேன். ஓரக்கண் முழுக்கத் திரையின் மூலையிலிருந்த நேரத்தின் மேல்தான். நாலு தாண்டி இரண்டு நிமிடம் விட்டுக் கட்டளையைக் கொடுத்தேன். தடையில்லாமல் ஓடியது. மகள் கைதட்டினாள்.

டீயோடு அவள் உள்ளே வந்தாள்.

"சித்தி, அம்மாவே சரி பண்ணிட்டாங்க! ஒங்களுக்கே தெரியல, அம்மாவுக்குத் தெரிஞ்சுருக்கு!"

"பின்ன, எங்கக்கான்னா சும்மாவா?" என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் விளையாட்டு திறந்தது, மழையும் பெய்தது. அந்த ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்டரில் எல்லோரிடமும் சொன்னேன். மகள் சந்தேகம் கேட்க என்னிடம் வந்தாள். டீ நன்றாக இருந்தது என்றுகூட இளையவளிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு விளையாட்டைத் திறந்து கொடுக்க அவளோடு மாடிக்குப் போனேன். இளையவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எடுத்துக்கங்கக்கா" என்றாள். விளையாட்டின் கட்டளை நினைவில்லாததால் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினேன். முன்பு கொடுத்த கட்டளைகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தன. தேடியது கிடைத்த பிறகும் ஏதோ ஆசையில் தட்டிக்கொண்டே போனேன். நான் துடைத்தவை வந்தன, இடம் கேட்டது வந்தது. அதற்கும் முன்னால் நான் கொடுக்காத இரண்டு. ஒன்று, இப்போது மணி என்ன என்று கேட்பது. மற்றது, கோப்புகள் ஒவ்வொன்றும் பிறந்த நேரத்தோடு பட்டியல் கேட்பது.

நான் மாத்திரை எடுக்கப் போயிருந்த நேரத்தில் கொடுத்தவை.

எல்லாக் கோப்புகளின் நேரத்தையும் இந்த நொடிக்கு மாற்ற ஒரே வரிக் கட்டளை போதும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஐந்து நிமிடத்தில் டீ போடுகிறவள், அன்றைக்கு எல்லாம் ஓடிய பிறகுதான் டம்ளரோடு உள்ளே வந்தாள்.

"அன்னைக்கு டீக்கு ஏன் அவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அடுப்பச் சிம்முல வச்சுட்டேன்க்கா" என்றாள், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் என் தோளைப் பிடித்து ஆட்டினாள். "அம்மா, சித்திய விட ஒனக்குத்தான நெறைய தெரியும்?"

துணி மடித்த கை ஒரு கணம் நின்றது. உண்மையைச் சொல்ல இப்போதும் இடம் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவள் அடுத்த துணியை எடுத்து உதறி மடித்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால், அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.