கோடையில் வந்த குளிர்க்காய்ச்சல்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். அங்கே ஒரு பனியன் கம்பெனி டெய்லர், சட்டைக்குள் நாலைந்து புது டீ-சர்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது பிடிபட்டார். நல்ல கோடைக்காலம்.

கோர்ட்டில் என் சீனியர் கொஞ்சமும் கூசாமல் வாதாடினார்.

"குளிர்க்காய்ச்சலுங்கய்யா. நடுக்கத்துல கைக்குக் கெடச்சதைப் போட்டுட்டாருங்க. திருடற எண்ணமே இல்லீங்க."

நீதிபதி டீ-சர்ட்டுகளைப் புரட்டினார். "எல்லாமே லேடீஸ் சைஸா இருக்கே?"

சீனியர் வாயைத் திறப்பதற்குள், திருநெல்வேலிக்காரரான டெய்லர் முந்திக்கொண்டார். "காய்ச்சல்ல கண்ணு தெரியலய்யா."

"கண்ணு தெரியாமலா பழுதில்லாத பீஸா பார்த்து எடுத்தீங்க?"

டெய்லருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் நான் தச்சதுய்யா! எங் கையில ரிஜெக்ட்டே வராது."

சீனியர் மெதுவாக உட்கார்ந்தார். நான் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். முதல் தப்பு என்பதால் நீதிபதி கண்டித்து அனுப்பிவிட்டார்.

வெளியே கம்பெனி முதலாளி டெய்லரிடம் வந்தார். "திங்கக்கெழம வேலைக்கு வந்துருங்க. காய்ச்சல் வந்தா மட்டும் லீவு போட்டுருங்க."