பாலில் விட்ட அயிரை

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. எடை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு வந்து அவளிடம்தான் கேட்டேன்.

"எதக் குடுத்தா சாப்பிடுவ?"

"அயிரைக் குழம்பு," என்றாள்.

அயிரை, விரல் நீளம்கூட இல்லாத கண்மாய் மீன். குடலெடுக்காமல் முழுசாகக் குழம்பில் போடுவோம். அதனால் உயிரோடு வாங்கிப் பாலில் விடவேண்டும். பாலைக் குடித்து வயிற்று மண்ணைக் கக்கிவிடும். இங்கே டெல்லியில், கரோல் பாக்கில் ஐஸில் கிடக்கும் பொடிமீன் அதற்கு உதவாது. மதுரையிலிருந்து அவள் தம்பி கேனில் தண்ணீரோடு கொண்டுவந்தான்.

"வழியெல்லாம் விசாரணை மாமா. 'பையா, இஸ்மே க்யா ஹை', இதுல என்னன்னு. அக்காவுக்கு மருந்துன்னுட்டேன்."

பாத்திரத்தில் பால் ஊற்றி மீனை விட்டோம். ஒன்றும் அசையவில்லை. செவுள் மட்டும் லேசாகத் துடித்தது. ஜனவரிக் குளிர் அதுகளுக்குப் புதுசு.

"ஸ்வெட்டர் போட்டு விடுவோமா மாமா?" என்றான் தம்பி.

கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். அவளுக்காக வைத்திருந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் பாத்திரத்தைத் தள்ளினேன். கொஞ்சம் கொஞ்சமாக மீன்கள் நெளிந்தன. பாலுக்கடியில் கறுப்பாக மண் படிந்தது. "கக்குது, கக்குது" என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். இன்றைக்குச் சாப்பிட்டுவிடுவாள் என்று நம்பினேன்.

உப்புப் போட்டு உரசி அலசி, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். தட்டோடு கிட்டே போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாங்க. வாடை குமட்டுது. எடுத்துட்டுப் போங்க."

"ஒரு வாய்," என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர். "அவ்வளவு தூரத்திலருந்து தூக்கிட்டு வந்தானே," என்றாள்.

மேலே வற்புறுத்தத் தெரியவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"எப்படிடா இருக்கு?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

"ஒரே மண்ணுக்கா. நறநறங்குது. நீ தப்பிச்ச," என்றான் அவன்.

மண்ணே இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்கு எப்படிங்க?"

குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்வதா, தம்பி சொன்னதற்கு ஆமாம் போடுவதா என்று தெரியவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை.