டப்ளினிலிருந்து புத்தூருக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர்

"அண்ணா, அம்மாவுக்கு நாளைக்கே ஆபரேஷன் பண்ணணுமாம். அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கறா. உன் முகத்தைப் பாத்தாத்தான் உள்ள போவாளாம்."

போன ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை, ஸ்ரீரங்கத்திலிருந்து என் தங்கை வைதேகி இப்படிப் போனில் அழுதாள். நான் அப்போது அயர்லாந்தில், டப்ளினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. திருச்சி புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வியாழன் மதியம் மூன்று மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டப்ளினுக்கும் திருச்சிக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. இருப்பதிலேயே பயண நேரம் குறைந்தது எது என்று தேடி, பன்னிரண்டரை மணி நேரம் என்று காட்டிய டிக்கெட்டை எடுத்தேன். மதியம் ஒரு மணிக்குத் திருச்சி. ஆனால் துபாயில் விமானம் மாற ஒரு மணி நேரம்தான். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

விமானம் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. முன்சீட்டுத் திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரங்கநாதனிடம் சண்டை போட்டேன். "ஆதிசேஷன் மேல் சுகமாகப் படுத்திருக்கிறாயே, காற்றையாவது பின்னாலிருந்து தள்ளச் சொல்லேன்." தாமதம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. கடைசியில் சண்டை போடவும் தெம்பில்லை. "நான் போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு நீயே தைரியம் கொடு" என்று அழுதுவிட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

துபாயில் தலைதெறிக்க ஓடினேன். கதவை மூடிவிட்டார்கள். அடுத்த விமானம் திருச்சி போய்ச் சேர மாலை ஏழு மணி ஆகும். வைதேகியைக் கூப்பிட்டேன்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் அண்ணா. அம்மா கையெழுத்துப் போட்டுட்டா."

காலையில் எழுந்ததுமே அம்மா பேனாவைக் கேட்டாளாம். யாரும் வற்புறுத்தவில்லையாம். "அவனை அலைய வேண்டாம், மெதுவா வரச் சொல்லு. நான் போயிட்டு வந்துடறேன்" என்றாளாம்.

அத்தனை பேர் நடுவில், பெட்டியைப் போட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் தரையில் விழுந்து சேவித்தேன். மயங்கிவிட்டேன் என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கே புரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை அம்மா கண் திறந்தபோது எதிரில் நின்றிருந்தேன்.

"வந்துட்டேம்மா."

"நானும் வந்துட்டேன்டா" என்றாள்.

டப்ளின் வேலையை விட்டுவிட்டு இப்போது திருச்சியிலேயே இருக்கிறேன். அம்மா தினமும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நடக்கிறாள். அன்பர்களே, அடியேன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ரங்கநாதனிடம் கேளுங்கள், உரிமையோடு சண்டையும் போடுங்கள். எப்படி உதவ வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். விமானத்தைத் தள்ளச் சொல்லி நான் ஆகாயத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, அவன் எனக்கு முன்னால் புத்தூர் போய்ச் சேர்ந்திருந்தான்.